வாடாமல்லிக்குப் பாடிய ரோஜாக்காரி

இஸ்மேனியா மாத்துரின் வடகரையில் தும்மினால் தென்கரையில் யாராவது சிலுவை போட்டுக்கொள்வார்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஃபோன் லசார் என்று எங்கள் ஊருக்கு ஒரே பேர்தான். ஆனால் நடுவில் ஆறு ஓடுகிறது, இரண்டு பக்கமும் செங்குத்தான மலை. அந்தக் காலத்தில் தொலைபேசிக் கம்பி கடற்கரையில் மிக்கூ என்ற ஊரோடு நின்றுவிட்டது. எதிர்க்கரைக்கு ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் சரிவில் இறங்கி, பாலம் தாண்டி, மறுபடி ஏற வேண்டும். முக்கால் மணி நேரம் ஆகும். இல்லையென்றால் இஸ்மேனியாவிடம் சொன்னால் போதும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் ஏறி, இரண்டு கைகளையும் வாயருகே குவித்து ஒரு கூப்பிடு கூப்பிடுவாள்.

எனக்கு மகள் பிறந்த சேதி அப்படித்தான் வந்தது. நான் தென்கரையில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"இலேர், பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் சுகம். வரும்போது சோப்பு வாங்கிட்டு வா."

ஊரே கேட்டது. நான் கடைக்குப் போவதற்குள் கடைக்காரர் சோப்பை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

அவளும் நானும் ஒரே வகுப்பு. பார்படோஸிலிருந்து வந்த வாத்தியார் ஒருவர் எங்களுக்குச் சரித்திரம் நடத்தினார். பள்ளிக்குள் எங்கள் வீட்டு மொழியான கிரெயோல் பேசினால் முட்டி போட வேண்டும். வீட்டில் எங்கள் எவருக்கும் ஆங்கிலம் கிடையாது. ஆகவே முதல் இரண்டு வருடம் நாங்கள் பெரும்பாலும் முட்டியில்தான் படித்தோம். ஒருநாள் அவர், எங்கள் செயின்ட் லூசியா தீவு எத்தனை முறை கைமாறியது என்று கேட்டார். இஸ்மேனியா எழுந்தாள்.

"பதினாலு தடவை சார். ஏழு தடவை பிரெஞ்சுக்காரங்க, ஏழு தடவை இங்கிலீஷ்காரங்க. எங்களத்தான் ஒரு தடவகூட யாரும் கேக்கல."

முதல் பாதிக்கு மதிப்பெண் கிடைத்தது. இரண்டாம் பாதியை அவள் கிரெயோலில் சொன்னதால் வெளியே அனுப்பப்பட்டாள். ஈரப்பலா மரத்தடியில் நின்று வாய்ப்பாட்டை மெட்டுப் போட்டுக் கிரெயோலில் பாட ஆரம்பித்தாள். உள்ளே நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தோம். கடைசியில் வாத்தியாரே ஜன்னலைத் திறந்து, "உள்ள வந்து தொலை" என்றார். ஏழாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் அந்த மெட்டில்தான் வரும்.

எங்கள் தீவில் ஒருவர் எந்தக் கட்சி, எந்தத் திருச்சபை என்பதெல்லாம் அப்புறம். முதலில் அவர் ரோஜாவா, வாடாமல்லியா? லா ரோஸ், லா மார்கெரித் என்று இரண்டு பாட்டுச் சங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ராஜா, ராணி, நீதிபதி, போலீஸ், தாதி எல்லாம் உண்டு. எல்லாம் வேஷம்தான், ஆனால் வேஷத்தை விளையாட்டாக எடுத்துக்கொண்டவனை யாரும் மன்னிக்க மாட்டார்கள். ரோஜாவுக்குத் திருநாள் ஆகஸ்ட் முப்பது, வாடாமல்லிக்கு அக்டோபர் பதினேழு. அதற்கு முன்னால் பல மாதங்கள் வாராவாரம் கூடிப் பாடுவார்கள். ரோஜாக்காரர்கள் நாங்கள் ஆடுவோம், குதிப்போம், பெஞ்சு உடைந்தால் அடுத்த பெஞ்சில் ஏறுவோம். வாடாமல்லிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, சுருதி பிசகாமல் பாடுவார்கள். எங்களுக்கு அது செத்த வீடு மாதிரி. அவர்களுக்கு நாங்கள் சந்தையில் அவிழ்த்துவிட்ட ஆட்டுக்கிடாய்கள்.

வடகரை முழுக்க ரோஜா, தென்கரை முழுக்க வாடாமல்லி. நான் ரோஜாவின் போலீஸ்காரன். முப்பது வருடமாக வேன் ஓட்டினாலும் ஊரில் என்னைக் 'கான்ஸ்டபிள்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

இஸ்மேனியா பத்தொன்பது வயதிலேயே ரோஜாவின் முன்பாட்டுக்காரி ஆகிவிட்டாள். அவள் ஒரு வரியை எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். அந்த வருடம் ஜூலையில் எங்கள் கூடத்துக்கு வெளியே இருட்டில் ஒருவன் ஒளிந்திருந்ததைக் கண்டு கையும் களவுமாகப் பிடித்தேன். தென்கரை அன்செல்ம் மாத்துரின், வாடாமல்லியின் வயலின்காரன். சாதுவான ஆள், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவான்.

"ஆடு தொலஞ்சுபோச்சு. தேடிட்டிருக்கேன்" என்றான்.

"உனக்கு ஏதுடா ஆடு?"

"அதான், இல்ல. தொலஞ்சுபோச்சு."

நீதிபதி முன்னால் நிறுத்தினேன். ஒற்றன் என்று தீர்ப்பாகி, எதிரியின் பாட்டு ஒன்றுக்கு வயலின் வாசிக்க வேண்டும் என்று தண்டனை கிடைத்தது. இஸ்மேனியா வேண்டுமென்றே ஒவ்வொரு அடிக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போனாள். அவன் அசரவில்லை, அவள் போன இடத்துக்கெல்லாம் வில்லைக் கொண்டுபோனான். பாட்டு முடிந்ததும் அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அடுத்த வாரமும் ஆடு தொலையுமா?"

"தொலையும்" என்றான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில் கல்யாணம். அவன் வடகரைக்குக் குடிவந்தான், ஆனால் சங்கம் மாறவில்லை. மகள் வெர்நெஸா பிறந்தபோது ஞானத்தாயாக யாரை வைப்பது என்று மூன்று மாதம் சண்டை. அன்செல்ம் வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான் பிடிவாதமாக நின்றான். வாடாமல்லியின் முன்பாட்டுக்காரி லூசியேன் ஷார்லெரி ஞானத்தாய் ஆனாள். பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் 'மக்குமே' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும். இவர்களும் கூப்பிட்டார்கள். ஆனால் வருடா வருடம் இவள் ஆகஸ்டில் அவளை ஒரு பாட்டில் கிழிப்பாள், அவள் அக்டோபரில் இவளைக் கிழிப்பாள். லூசியேன் கட்டியதில் ஊர் முழுக்கத் தெரிந்தது இந்தப் பாட்டு:

வடகரையில கழுதை கத்துது,
மழை வருமோ, மண்ணு நனையுமோ,
கயித்த இறுக்கிக் கட்டுங்கடி,
காது ரெண்டையும் பொத்துங்கடி.

கழுதை யார் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இஸ்மேனியா பகலெல்லாம் வாழைக்குலைக் கொட்டகையில் சீப்புச் சீப்பாகக் கழுவிப் பெட்டியில் அடுக்குவாள். தென்கரைப் பெண்கள் கூடையைத் தலையில் சுமந்து வரும்போது இதை முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். "சுருதி சேரல, மறுபடி பாடு" என்பாள் அவள், தலையைத் தூக்காமல்.

தொண்ணூற்று நாலு செப்டம்பரில் அந்தப் புயல் வந்தது. தன் தாய் வீட்டுக் கூரை பலமில்லை என்று அன்செல்ம் முந்தின நாளே தென்கரைக்குப் போயிருந்தான். இரவெல்லாம் மழை. விடிந்து கதவைத் திறந்தால் ஒரு வாழைகூட நிற்கவில்லை. மலைச்சரிவு முழுவதும் சீவிப்போட்ட மாதிரி கிடந்தது. பாலத்தைக் காணோம். ஆறு மண் நிறத்தில், மரங்களையும் யாருடைய பன்றித் தொழுவத்தையோ உருட்டிக்கொண்டு போனது. அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை.

இஸ்மேனியா வெறுங்காலோடு பாறையில் ஏறினாள். நான் பக்கத்தில் நின்றேன். அன்செல்மின் பேரைத்தான் முதலில் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. "தென்கரை" என்று மட்டும் நீளமாக இழுத்தாள். ஆற்றின் இரைச்சல்தான் திரும்பி வந்தது. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து சங்கு ஊதும் சத்தம் கேட்டது.

"அது அவங்கப்பா சங்கு" என்றாள். மீன்பிடிக்காரரான மாமனார் விட்டுப்போனது, ஊதுவது அன்செல்ம்தான். அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிமிடம் இருக்கும். அப்புறம் எழுந்து, ஆற்றோரத்து முதல் வீட்டிலிருந்து ஒவ்வொரு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"ஒகுஸ்தா வீடு. எல்லாரும் இருக்காங்களா?"

அங்கே யாரோ ஓடிப் பார்த்துத் திரும்புவார்கள், சங்கு ஒருமுறை ஊதும். அடுத்த வீடு. சங்கு. அடுத்தது. வெயில் ஏறிக்கொண்டே வந்தது. பதினெட்டு வீடு சரியாக இருந்தது. பத்தொன்பதாவது லூசியேன் வீடு. சங்கு ஊதவில்லை.

இஸ்மேனியா கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தாள். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிந்தது: மாமரத்துக்குப் பின்னால் மலை சிவப்பாகப் பிளந்து, மண் கீழே வழிந்திருந்தது. தென்கரையில் இருப்பவர்களுக்கு மூங்கில் தோப்பு அதை மறைத்திருக்க வேண்டும்.

"மாமரத்துக்குப் பின்னாடி மண்ணு சரிஞ்சிருக்கு. சமையக்கட்டு மூடியிருக்கு. மம்முட்டி எடுத்துட்டுப் போங்க. கீழ் வழி வேணாம், மேல் வழியா போங்க."

இதையே எத்தனை தடவை கத்தினாள் என்று நான் எண்ணவில்லை. ஆட்கள் எறும்பு மாதிரி மேலே ஏறுவது தெரிந்தது. அவர்கள் வழி தப்பும்போதெல்லாம் இவள் இங்கிருந்து திருத்தினாள். "இடது பக்கம். இன்னும் மேல. ஏய் போனிஃபாஸ், நீ எங்கடா போற, இடதுன்னேன்." உச்சி வெயிலில் சங்கு நிறுத்தாமல் ஊதியது. இஸ்மேனியா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

லூசியேனைச் சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து எடுத்தார்களாம். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மண்ணைத் துப்பிவிட்டு அவள் முதலில் கேட்டது, "அந்தக் கழுதை எதுக்கு விடிஞ்சதுலேருந்து கத்திட்டுக் கெடக்கு?"

லூசியேனை வியூ ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இஸ்மேனியாவின் தொண்டையைப் பார்த்த டாக்டரம்மா, மூன்று வாரத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் மகளுடைய பழைய சிலேட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலைந்தாள். கோபம் வந்தால் எழுத்து பெரிதாகும். வடகரையே வெறிச்சென்று ஆகிவிட்டது. ஆறு வடிந்து, கயிறு கட்டிக் கடந்து வீடு வந்து சேர்ந்திருந்த அன்செல்மைக் கேட்டேன், "எப்படி இருக்கு?"

"இருபத்து மூணு வருஷத்துல இப்பத்தான் ஒரு வாக்கியத்த ஆரம்பிச்சு முடிச்சேன்" என்றான். அப்புறம், "நல்லாவே இல்ல, இலேர்" என்றான்.

குரல் திரும்பியது அக்டோபர் ஆரம்பத்தில். அதற்குள் தென்கரையில் வேறு கவலை முளைத்திருந்தது. வாடாமல்லித் திருநாளுக்கு முன்பாட்டுக்காரி இல்லை. வயிற்றுப் பிழைப்பான வாழையே அழிந்துபோன இந்த வருடத்தில் திருநாளையும் விட்டுவிடுவதா என்று அவர்களுடைய ராஜாவே கண் கலங்கினாராம். ஆஸ்பத்திரியிலிருந்து லூசியேன் சொல்லி அனுப்பினாள்: மக்குமேயை வரச் சொல்லுங்கள்.

நான்தான் வேனில் அழைத்துக்கொண்டு போனேன். இஸ்மேனியா ஒரு கையில் கோக்கோ தேநீரும் மறு கையில் சுடச்சுட, 'பேக்' என்கிற பொரித்த ரொட்டியும் வைத்திருந்தாள். லூசியேன் காலை மேலே தொங்கவிட்டபடி படுத்திருந்தாள்.

"என்ன மக்குமே, வௌவால் மாதிரி தொங்குற?"

"தல மேலதான இருக்கு, அதப் பாரு. கோக்கோவுல பட்டை போட்டியா?"

"போட்டேன்."

"கம்மியாத்தான் போட்டிருப்ப. சரி, குடு." குடித்துவிட்டுச் சொன்னாள், "என்ன விட்டா எங்க பாட்டெல்லாம் முழுசா தெரிஞ்சவ ஊர்ல நீ ஒருத்திதான்."

"திட்டினவ என்ன திட்டினான்னு தெரியாம எப்படி பதில் திட்டுறது? இருபது வருஷமா பாறையில உக்காந்து கேட்டிருக்கேன்."

"அப்ப பதினேழாந்தேதி நீ பாடு."

இஸ்மேனியா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். போலீஸ்காரன் என்ன சொல்ல முடியும்?

"உக்காந்துதான் பாடணும்" என்றாள் லூசியேன். "ஊதாப் பாவாட. ஆட்டம் கெடையாது. பெஞ்சு மேல ஏறினேன்னு கேள்விப்பட்டேன், இந்தக் காலோடயே வந்துருவேன்."

"எல்லாப் பாட்டுமா?"

"எல்லாப் பாட்டும்."

"கழுதைப் பாட்டும்?"

லூசியேன் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். "அதுதான் அவங்க ரொம்ப ஆசையா கேக்குறது. நான் என்ன பண்றது?"

இஸ்மேனியா சிரித்த சிரிப்பில் தாதி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் மட்டும், வேன் மலைத் திருப்பத்தில் ஏறும்போது, "அவ சாகக் கூடாதுன்னு நான் கத்தினேன் இலேர்" என்றாள். "அவ இல்லன்னா நான் யாரோட சண்ட போடுவேன்?"

பதினேழாம் தேதி காலைப் பூசை முடிந்து ஊர்வலம் போனது. ராஜா, ராணி, பின்னால் ஊதா உடையில் இஸ்மேனியா, பக்கத்தில் வயலினோடு அன்செல்ம். அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அவன் கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை. ரோஜாக்காரர்கள் நாங்களும் ஆற்றைக் கடந்து போயிருந்தோம், கண்டிக்கத்தான் வந்தோம் என்று சொல்லிக்கொண்டு. அவர்கள் கூடத்தில் இஸ்மேனியா நாற்காலி ஓரத்தில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தாள். பாவாடைக்கு அடியில் கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. வாடாமல்லி ராணி மெல்லக் கை நீட்டி அவள் முழங்காலை அழுத்திப் பிடித்தாள்.

மெதுவாக, மிருதுவாகப் பாடினாள். அவளுக்கு அப்படியும் ஒரு குரல் உண்டென்று எங்களுக்குத் தெரியாது. என் பக்கத்தில் நின்ற எங்கள் நீதிபதி, "நம்மகிட்ட ஏன் இப்படிப் பாடல?" என்று முணுமுணுத்தார். "நாம விட்டாத்தானே" என்றேன்.

கடைசியாகக் கழுதைப் பாட்டு. தென்கரைப் பெண்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இப்போது அதைக் கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. இஸ்மேனியா அன்செல்முக்குத் தலையசைத்தாள். வரி மாற்றாமல், வார்த்தை விழுங்காமல், வடகரையில கழுதை கத்துது என்று எடுத்தாள். 'காது ரெண்டையும் பொத்துங்கடி' வந்தபோது அதுவரை அடக்கிவைத்திருந்த குரலை முழுசாகத் திறந்துவிட்டாள். கூரைத் தகரம் அதிர்ந்தது. நிஜமாகவே நாலைந்து பேர் காதைப் பொத்தினார்கள். அடுத்த நொடி கூடமே சிரித்தது, சிரித்தவர்களில் பலபேர் அழுதுகொண்டும் இருந்தார்கள். ஐந்து தடவை பாட வைத்தார்கள்.

அடுத்த வாரம் நான் அவளைக் கைது செய்தேன். எங்கள் கூடத்தில் விசாரணை. குற்றம் மூன்று: எதிரிக்குப் பாடியது, ஊதா உடுத்தியது, இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருந்தது.

"முதல் ரெண்டையும் ஒத்துக்கறேன் ஐயா" என்றாள். "மூணாவதுல எனக்குப் பங்கில்ல. என்னப் புடிச்சு வச்சிருந்தாங்க."

"சாட்சி இருக்கா?"

"முழங்கால்ல வெரல் தடம் இருக்கு. காட்டவா?"

நீதிபதி அவசரமாக வேண்டாம் என்றார். தண்டனை: அன்று மாலை முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். "தூக்குல போட்டுருங்க" என்று கெஞ்சினாள். மூன்றாவது பாட்டில் நாற்காலியோடு சேர்ந்தே ஆட ஆரம்பித்தாள். நாற்காலி உடைந்தது, உட்கார ஒன்றும் இல்லாததால் தண்டனை முடிந்தது என்று நீதிபதி அறிவித்தார்.

லூசியேன் ஒரு காலைச் சற்று இழுத்தபடி ஜனவரியில் வீடு திரும்பினாள். வந்ததும் வாடாமல்லிக்காரர்களைக் கூப்பிட்டு, "பாட்ட கொஞ்சம் இழுத்திருக்கா, கேள்விப்பட்டேன்" என்று குறைப்பட்டாள். அந்த ஆகஸ்டில் இஸ்மேனியா அவள்மேல் கட்டிய பாட்டு முன்பு எப்போதையும்விட மோசமானது. மூன்று காலுள்ள மேசைக்குக் கீழே ஒளிந்த நண்டு என்று ஆரம்பிக்கும். மீதியை நான் எழுத மாட்டேன்.

புதுப் பாலம் கட்டி முடிக்கப் பதினாலு மாதம் ஆயிற்று. திறந்துவைக்கத் தொகுதிப் பிரதிநிதி தலைநகரிலிருந்து வந்தார். முதலில் யார் கடப்பது என்று சண்டை. ரோஜாவா, வாடாமல்லியா? பாவம், அவர் நல்ல எண்ணத்தில்தான், இரண்டு சங்கமும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வரட்டும் என்றார். நாடா வெட்டியதும் இரண்டு கூட்டமும் பாடிக்கொண்டே கிளம்பின. பாலத்தின் நடுவில் இஸ்மேனியாவும் லூசியேனும் மூக்கோடு மூக்கு முட்டுகிற மாதிரி நின்றார்கள்.

"வழி விடு மக்குமே."

"நீ விடு. எனக்குக் கால் சரியில்ல."

"வாய் நல்லாத்தான இருக்கு. அத வச்சுத் தள்ளிக்க."

ஒருத்தியும் நகரவில்லை. இவள் ஒரு அடி பாடினாள், அவள் ஒரு அடி பாடினாள். நடுவில் அன்செல்ம் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி வில்லை இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. உப்புக்கருவாடும் பச்சை வாழைக்காயும் அவித்து வைத்த விருந்து ஆறிப்போனது. மழை பிடித்துக்கொண்டது. பிரதிநிதி குடைக்கடியில் நின்று என்னைக் கேட்டார்.

"கான்ஸ்டபிள், நீங்க ஏதாவது பண்ணக் கூடாதா?"

"நான் வேன் டிரைவருங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். குடையை மடக்கி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, பாலத்துக்கு நடந்துபோய்க் கூட்டத்தோடு நின்றுகொண்டார். எந்தச் சங்கத்தின் பக்கம் நின்றார் என்பதில் ஊரில் இன்னும் இரண்டு கருத்து இருக்கிறது.